பூச்சிக் கோப்பில் ஒரு புகார்

அத்தியாயம் 4

"நானூத்திப் பன்னிரண்டாவது கடிதம்" என்று டாரில் பொலெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டான். "கேளுங்க பாஸ். 'ஐயா, போன வாரம் வரைக்கும் என் நாய் உங்கள் சர்சாவை நக்கிக் குடித்தது. இந்த வாரம் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. நாய்க்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையா?'"

"நாய் கையெழுத்துப் போட்டிருக்கா?" ரொவீனா ஹாட்ரிக் நிமிரவில்லை.

"இல்ல. எஜமான்தான்."

"அப்ப சாட்சி செல்லாது. அடுத்தது?"

"அடுத்தது இல்ல. சரக்கு தீர்ந்துபோச்சு."

குரிண்டா சர்சா தொழிற்சாலையின் கூட்ட அறையில் காலை ஒன்பது மணியிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் வெயிலில் தகரக் கூரை சோம்பல் முறித்து டக் டக்கென்று சத்தம் போட்டது. ரொவீனாவுக்கு ஐம்பத்து நாலு வயது. இருபது வருடம் அரசாங்கத்தில் எடை அளவு ஆய்வாளராக இருந்து, குயின்ஸ்லாந்தில் பாதிக் கறிக்கடைத் தராசுகளின் ரகசியத்தைத் தெரிந்துகொண்டவள். இப்போது டயர் கடை மாடியில் தனியாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். டாரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். ஐம்பது பிள்ளைகளில் எவன் ஜன்னல் வழியாகச் செருப்பை எறிந்தான் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவான். அந்த ஒரு தகுதிக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டாள். வாய்க்காக இல்லை. வாய் இலவச இணைப்பு.

சர்சா என்பது அந்த ஊரின் கறுப்புச் சோடா. நன்னாரிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு வாசனை. போன வருடம் சிட்னிக்காரர்கள் தொழிற்சாலையை வாங்கினார்கள். இந்த மாதம் இரண்டாம் தேதி உள்ளூர் வாரப் பத்திரிகையில் அரைப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். 'டிசம்பரில் வருகிறது புதிய சர்சா. இன்னும் லேசாக, இன்னும் புத்துணர்ச்சியாக.' அன்று மத்தியானமே முதல் புகார் வந்து விழுந்தது. இரண்டு வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே பாட்டு: செய்முறையை மாற்றிவிட்டீர்கள், சுவை போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், புதிய சர்சா இன்னும் ஒரு சொட்டுகூடத் தயாராகவில்லை. கடைகளில் இருந்தது பழைய செய்முறைதான்.

"அப்படீன்னா உள்ள யாரோ கை வெச்சிருக்காங்க மேடம்" என்று மேலாளர் ப்ரென்டன் ஸ்லீ காலையிலேயே சொல்லியிருந்தார். யாரோ என்றாலும் அவர் மனதில் ஒரே பெயர்தான். நொலீன் பாஸ்கோ. இருபத்தாறு வருடமாகச் சிரப் அறையில் கலவை போடுகிறவள். புதிய செய்முறையை அறிவித்த கூட்டத்தில் எழுந்து நின்று, "என் பிணத்து மேலதான் மாத்தணும்" என்றவள். மூன்று மணிக்குச் சிட்னியிலிருந்து வெரிட்டி லாங் என்ற அதிகாரி வருகிறாள். அவள் முன்னால் ரொவீனா அறிக்கையைப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் நொலீன் வீட்டுக்குப் போக வேண்டும், ஒரேயடியாக. அந்த அறிக்கையையும் ப்ரென்டனே அடித்து வைத்துவிட்டார். கீழே கையெழுத்துக்குக் கோடு மட்டும் காலியாக இருந்தது.

"வெந்நீர் ஊத்தினா போதும்னு நூடுல்ஸ் விக்கற மாதிரி கேஸைக் கையில குடுத்திருக்காரு" என்றான் டாரில். "நம்மள எதுக்குக் கூப்பிட்டாராம்?"

"வெந்நீர் ஊத்த." ரொவீனா கடிதங்களை அவன் பக்கம் தள்ளினாள். "வாட்டில் தெரு பதினாலாம் நம்பர். ரெண்டு கடிதம் இருக்கு பாரு."

டாரில் தேடி எடுத்தான். "புருஷன் எழுதறாரு, 'திகட்டும் அளவுக்கு இனிப்பாகிவிட்டது.' பொண்டாட்டி எழுதறாங்க, 'இனிப்பே இல்லை.' ஒரே வீடு, ஒரே பாட்டில். இவங்க பிரச்சனை சர்சா இல்ல பாஸ்."

"அதுக்குக் கீழ இருக்கறதப் படி."

"'ஈஸ்டருக்கு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த பெட்டியை இன்று திறந்தேன். அதிலும் சுவை மாறிவிட்டது.'" டாரில் விசில் அடித்தான். "கட்டிலுக்கடியில போயும் மாத்திட்டாங்களா? பயங்கரமான கம்பெனி."

"ரெண்டாம் தேதிக்கு முன்னாடி தேதி போட்ட கடிதம் ஒண்ணாவது இருக்கா?"

"இந்தக் குவியல்ல இல்ல."

"லேசு, லேசாங்கற வார்த்தை?"

"எண்ணலை. முன்னூறுக்குக் குறையாது."

"விளம்பரத்துல இருந்த வார்த்தை." ரொவீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இவங்க சர்சாவ நாக்கால குடிக்கல டாரில். பேப்பரால குடிச்சிருக்காங்க."

டாரிலுக்கு மார்பில் இருந்து ஒரு கல் இறங்கியது. நொலீனின் மகள் அவன் பேருந்தில்தான் ஏழு வருடம் பள்ளிக்குப் போனாள். கிறிஸ்துமஸ் தவறாமல் ஓட்டுநருக்குக் கேக் கொடுத்தனுப்பிய ஒரே வீடு அது. மாறாத ஒன்றை யார் மாற்றியிருக்க முடியும்? அறிக்கையில் இரண்டு வரி எழுதினால் போதும். அவன் சந்தோஷமாகக் குவியல்களைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தான்.

பெட்டியின் அடியில் இன்னொரு கோப்பு இருந்தது. பப்படம் மாதிரி மெலிசாக.

"பாஸ், இது நம்மளது இல்லபோல. மேல 'பூச்சி'ன்னு போட்டிருக்கு."

புகார்களைப் பிரிப்பது சிட்னியில் இருக்கும் ஒரு கணினி. சுவைக்கு ஒரு கோப்பு, மூடிக்கு ஒன்று, கசிவுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. பூச்சிக் கோப்பில் ஒரே ஒரு கடிதம். டாரில் படித்தான்.

"'அன்புள்ள கம்பெனிக்கு, மூன்று வியாழக்கிழமைகளாக உங்கள் சர்சாவில் ஸ்பைடருக்கு உயிரே இல்லை. எழுந்து நிற்க மாட்டேன் என்கிறது. கிளாஸுக்குள்ளேயே படுத்துவிடுகிறது. கவனிக்கவும். க்ளெம் ஹோகார்த், புல்வெளி பந்துக் கழகம்.'"

"பதில் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க. 'அன்புள்ள திரு. ஹோகார்த், உங்கள் பானத்தில் சிலந்தி கிடந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். அது உயிருடன் இல்லை என்பதை அறிந்து நிம்மதி அடைகிறோம். இத்துடன் இரண்டு பாட்டில்களுக்கான இலவசச் சீட்டு...'" அதற்கு மேல் டாரிலால் படிக்க முடியவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான்.

குரிண்டாவில் ஸ்பைடர் என்றால் எட்டுக்கால் பூச்சி என்று நினைக்க, சிட்னியிலிருந்து ஒரு கணினி வந்தால்தான் உண்டு. சர்சாவில் ஓர் உருண்டை வனிலா ஐஸ்கிரீமைப் போட்டால் நுரை பொங்கிக்கொண்டு மேலே ஏறும். அதுதான் ஸ்பைடர். கைக்குழந்தைகூடச் சொல்லும்.

ரொவீனா சிரிக்கவில்லை. "தேதி என்ன?"

"ஆகஸ்ட் இருபத்தி ஒண்ணு." சொல்லும்போதே டாரிலின் சிரிப்பு அணைந்தது. விளம்பரம் வருவதற்கு ஆறு வாரம் முன்னால். யாரும் சொல்லிக் கொடுக்காமல், எதையும் படிக்காமல் ஒரு மனிதன் எழுதியிருக்கிறான். அப்படியென்றால் சர்சா உண்மையிலேயே மாறியிருக்கிறது. சர்சா மாறும் இடம் இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். சிரப் அறை.

"பாஸ்" என்றான் மெதுவாக. "நாம இதப் பார்க்கலைன்னு வெச்சுக்கலாமே. பூச்சிக் கோப்ப யாரு கேக்கப் போறா?"

"பார்த்தாச்சே." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "வண்டிய எடு."

*

புல்வெளி பந்துக் கழகத்தில் வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் வெள்ளை உடுப்பில் குனிந்து, புல்லில் பந்தை உருட்டிவிட்டு நிமிர்ந்து கொண்டிருந்தார்கள். சிற்றுண்டிச் சாளரத்துக்குப் பின்னால் க்ளெம் ஹோகார்த் ஐஸ்கிரீம் கரண்டியை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. ஓய்வுபெற்ற தபால்காரர். வியாழக்கிழமைதோறும் ஸ்பைடர் போடுவது இருபது வருடமாக அவர் வேலை.

"பூச்சி செத்ததுக்கு ரெண்டு பாட்டில் ஓசி குடுத்தாங்கம்மா" என்றார், கடிதத்தைப் பார்த்ததும். "நான் என்னத்த எழுதினேன், அவங்க என்னத்தப் படிச்சாங்கன்னு தெரியல. சரின்னு விட்டுட்டேன்."

"இப்ப ஊரே எழுதுது. நீங்க மறுபடி எழுதலையா?" என்று கேட்டாள் ரொவீனா.

"அவங்க சுவை போச்சுன்னு எழுதறாங்க. சுவை எங்க போச்சு? அதேதான் இருக்கு. நான் சுவையப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே. கூட்டத்தோட சேர்ந்து பொய் சொல்லணுமா?"

"உயிரில்லைன்னு எழுதினது?"

"கண்ணால பாருங்க." அவர் கோப்பை வைக்கும் அலமாரியைத் திறந்து, பழைய வெற்றிக் கோப்பைகளுக்குப் பின்னால் இருந்து தூசி படிந்த பாட்டில் ஒன்றை எடுத்தார். "இது ஜூலை மாசத்துச் சரக்கு. சாம்பியன் விருந்துக்குன்னு ஒளிச்சு வெச்சது. மேஜையில இருக்கே, அது போன வாரம் வந்தது."

இரண்டு கிளாஸ். இரண்டு உருண்டை. ஜூலை சர்சா அடுப்பில் மறந்த பால் மாதிரி எழுந்தது. விளிம்பைத் தாண்டி, ஐஸ்கிரீமைத் தலையில் தூக்கிக்கொண்டு, இடுப்பில் கைவைத்த மாதிரி நின்றது. அக்டோபர் சர்சா அரை விரல் எழும்பியது. ஒரு கொட்டாவி விட்டது. படுத்துவிட்டது.

டாரில் இரண்டையும் கடகடவென்று குடித்தான். "சுவையில ஒரு வித்தியாசமும் இல்ல பாஸ். வேணும்னா இன்னும் ரெண்டு குடிச்சு உறுதிப்படுத்தறேன்."

ரொவீனா கேட்டதாகத் தெரியவில்லை. காலிப் பாட்டில்கள் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, கறிக்கடைத் தராசின் முள்ளைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் திருப்பினாள். பிறகு இரண்டையும் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

"ஏம்மா" என்றார் க்ளெம். "என் கடிதத்தால யாருக்காவது வம்பு வருமா?"

"வரலாம்."

"நொலீனுக்கா?"

ரொவீனா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்ப அதக் கிழிச்சுப் போட்டுடுங்க. படுத்த ஸ்பைடரையே சாகற வரைக்கும் குடிச்சுக்கறேன்."

டாரிலுக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ரொவீனா கடிதத்தை மடித்துப் பத்திரமாக உள்ளே வைத்தாள். இருபது வருடம் அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ரசீதுப் புத்தகம்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். சம்பளம் கொடுக்கிறவளிடம் அதைச் சொல்லவில்லை.

*

நொலீன் சிரப் அறையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. ஸ்வெட்டர், செருப்பு, பேரப்பிள்ளையின் படம். அதற்குள் கட்டிவைத்துவிட்டாள்.

"வாடா டாரில். என்னைத் தூக்குல போட வந்தியா, கயிறு பிடிக்க வந்தியா?"

"எனக்கு முடிச்சுப் போடத் தெரியாதுக்கா. பயப்படாதீங்க."

ரொவீனா படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரே கேள்வி. நீங்க கலக்கற சரக்கு எங்கேர்ந்து வருது?"

"சர்க்கரை இங்க. மத்ததெல்லாம் ப்ரிஸ்பேன்ல கலந்து முத்திரை வெச்ச வாளியில வரும். நான் திறந்து ஊத்திக் கிளறுவேன். வாளிக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்."

"ஆகஸ்ட்ல ஏதாவது வித்தியாசம்?"

நொலீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "கிளறும்போது நுரை முழங்கை வரைக்கும் ஏறும். ஆகஸ்ட்ல மணிக்கட்டோட நின்னுபோச்சு. ப்ரென்டன்கிட்ட அன்னிக்கே போய்ச் சொன்னேன். இயந்திரக் கோளாறுன்னாரு. இருபத்தாறு வருஷமா அந்தக் கோளாற என் கையாலதான் கிளறறேன், எனக்குத் தெரியாதா?"

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. அவரு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன். மூடினதுக்கு இதுதான் கூலி." பெட்டியைத் தட்டினாள். "பையனோட வீட்டுக் கடனுக்கு நான்தான் ஜாமீன். அறுபத்தோரு வயசுல வேற எவன் வேலை குடுப்பான்?"

டாரிலுக்கு இப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை. நொலீன் சொன்னாள் என்பதற்குச் சாட்சி நொலீன் மட்டும்தான். ப்ரென்டன் இல்லை என்றால் இல்லை. சுவரில் கடிகாரம் மூன்றுக்கு ஐந்து நிமிடம் காட்டியது.

*

வெரிட்டி லாங் முப்பத்தைந்து வயதுக்காரி. கசங்காத உடை. வேண்டாத வார்த்தை ஒன்றுகூடப் பேசாதவள். மேஜைக்கு ஒரு பக்கம் அவளும் ப்ரென்டனும். எதிரே நொலீன், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. டாரில் கதவோரம் நின்றான்.

"அறிக்கையப் படிங்க மேடம்" என்றார் ப்ரென்டன்.

"நீங்க எழுதினதையா, நான் எழுதினதையா?" ரொவீனா காத்திருக்கவில்லை. "நானூத்திப் பன்னிரண்டு புகாரும் விளம்பரத்தப் படிச்சதால வந்தது. அத நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆனா சர்சா மாறியிருக்கு. ஆகஸ்ட் முதல் வாரத்துல."

ப்ரென்டன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்து உட்கார்ந்தது. "நான் சொன்னேனே. சிரப் அறையில..."

"நுரைதான் போயிருக்கு. சுவை போகல." ரொவீனா இரண்டு பாட்டில்களையும் மேஜைமேல் வைத்தாள். "நுரைக்குன்னு ஒரு மரப்பட்டைச் சாறு சேர்க்கறாங்க. சட்டப்படி அதுக்கு ஒரு நம்பர் உண்டு. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. ஜூலை பாட்டில்ல பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்துல அது இருக்கு. மிஸ் லாங், அக்டோபர் பாட்டில்ல எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

வெரிட்டி பாட்டிலைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "இல்ல."

"நொலீன் பட்டைச் சாற்ற எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தா, பாட்டிலுக்குள்ள இருக்காது. ஆனா லேபிள்ல இருக்கும். இங்க லேபிள்லயும் இல்ல. சிரப் கிளறறவங்க அச்சகத்துக்கு உத்தரவு போட முடியுமா?"

கூரை மட்டும் ஒரு தடவை டக்கென்றது.

"ஊர ஏமாத்தலாம், உணவுச் சட்டத்த ஏமாத்தினா அபராதம்" என்றாள் ரொவீனா. "அதனால திருடினவர் முறையா வாக்குமூலம் எழுதி, ஒவ்வொரு பாட்டில்லயும் ஒட்டி, ஊர் முழுக்க வித்துட்டாரு. நானூத்திப் பன்னிரண்டு பேர் பத்திரிகைய வரி விடாம படிச்சாங்க. கையில இருந்த பாட்டில ஒருத்தரும் படிக்கல. புது லேபிளுக்கு ஒப்புதல் குடுத்தது யாருன்னு உங்க கணினியில இருக்கும். அது பூச்சிக் கோப்புல போயிருக்காதுன்னு நம்பறேன்."

வெரிட்டி மடிக்கணினியைத் திறந்தாள். விரல்கள் நாலைந்து முறை தட்டின. "ஜூலை முப்பது. ப்ரென்டன் ஸ்லீ." அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அந்த மாசம் மூலப்பொருள் செலவக் குறைச்சதுக்கு உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினோம், இல்ல ப்ரென்டன்? நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பட்டைச் சாறு விலை ஏறிடுச்சு" என்றார் ப்ரென்டன். குரல் படுத்த நுரை மாதிரி இருந்தது. "யாரும் கண்டுபிடிக்கல. ஒருத்தர்கூட. விளம்பரம் வராம இருந்திருந்தா..."

"கண்டுபிடிச்ச ஒருத்தரு அன்னிக்கே உங்க அறைக்கு வந்து சொன்னாங்க" என்றான் டாரில். "அவங்களத்தான் அனுப்பப் பார்த்தீங்க."

"வெளிய இருங்க ப்ரென்டன்" என்றாள் வெரிட்டி.

கதவு மூடியதும் அவள் ஒரு தாளை அச்சடித்து நொலீன் முன்னால் வைத்தாள். வேகமான பெண்மணி. நான்கு வரி. நொலீன் மேல் குற்றம் இல்லை. வேலை தொடரும். பட்டைச் சாறு அடுத்த வாரத்திலிருந்து திரும்பச் சேர்க்கப்படும். நான்காவது வரி, நடந்ததை நொலீன் யாரிடமும் சொல்லக் கூடாது.

நொலீன் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். "சனிக்கிழமை கழகத்துல கறிப் பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்குப் போவேன். 'நீதானே சர்சாவக் கெடுத்தே?'ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மிசஸ் பாஸ்கோ."

"ஒண்ணும் சொல்லலைன்னா நான்தான்னு அர்த்தம். ஆகஸ்ட்ல ஒரு தடவ ஒண்ணும் சொல்லாம இருந்து பார்த்துட்டேன்மா." மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து நான்காவது வரியின் மேல் கோடு இழுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அடிச்சுத் திருத்தின தாள் செல்லாது."

"அப்படியா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு யாரு கலக்குவா?"

வெரிட்டியின் பார்வை தன்னையறியாமல் டாரில் மேல் போய் நின்றது.

"என்னைப் பார்க்காதீங்க" என்றான் டாரில். "நான் காபி கலக்கினாலே புகார் வரும்."

வெரிட்டி ரொவீனாவைப் பார்த்தாள். ரொவீனா தன் அறிக்கையை அழகாக நாலாக மடித்துக்கொண்டிருந்தாள், அது எந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று யோசிக்கிறவள் மாதிரி. வெரிட்டி தாளைத் தன் பக்கம் இழுத்து, கோடு போட்ட இடத்துக்குப் பக்கத்தில், திருத்தத்தை ஏற்றதற்கு அடையாளமாகத் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டாள். கீழே முழுக் கையெழுத்து.

"பிரதி ஒண்ணு எனக்கு" என்றாள் நொலீன். வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவருகில் அதை டாரிலிடம் நீட்டினாள்.

"வாசல் போர்டுல ஒட்டுடா. வேலை முடிஞ்சு எல்லாரும் அந்த வழியாத்தான் வருவாங்க."

டாரில் தாளைப் பார்த்தான். "நாலாவது வரிய நல்லா அடிச்சு மறைச்சுடட்டுமாக்கா?"

"வேண்டாம். ஒத்தக் கோடாத்தான் போட்டிருக்கேன்" என்றாள் நொலீன். "என் வாயைக் கட்டி என்ன மறைக்கப் பார்த்தாங்கன்னு எல்லாரும் படிக்கட்டும்."